பூ இருக்கிறது, பிஞ்சு இல்லை: பாவ்பாவ் மரம் குறித்த வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் அமெரிக்கக் காட்டுப் பழமான பாவ்பாவ் பற்றி ஒரு சிறு துணுக்கு வெளியாகியிருந்தது. அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பெரும்பாலோர் பெங்களூரில் வசிக்கும் தமிழர்கள். பெற்றோர் இங்கும் பிள்ளைகள் அமெரிக்காவிலும் இருக்கும் குடும்பங்கள் இந்நகரில் ஏராளம் என்பதால், கேள்விகளில் பாதி இங்குள்ள மனையைப் பற்றியும் மீதி அங்குள்ள கொல்லைப்புறத்தைப் பற்றியும் அமைந்திருக்கின்றன. சில நாடுகளில் பப்பாளியையும் இதே பெயரால் அழைப்பதால், பப்பாளி பற்றிய கடிதமொன்றையும் இறுதியில் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் தங்கியிருந்தபோது, செப்டம்பர் மாதத்தில் சம்பந்தி வீட்டார் உழவர் சந்தையிலிருந்து பாவ்பாவ் வாங்கி வந்தார்கள். வாழைப்பழமும் மாம்பழமும் கலந்தாற்போன்ற சுவை. விதைகளைக் கழுவி, நன்றாக உலர்த்தி, காகிதத்தில் மடித்து எடுத்து வந்தேன். எங்கள் வீட்டின் பின்புறம் இடம் இருக்கிறது. எப்போது ஊன்றலாம்? எத்தனை ஆண்டுகளில் காய்க்கும்?
— வாசகி, ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: அந்த விதைகள் முளைக்காது, அம்மா. அவரை, பூசணி விதைகளைப் போல உலர்த்திச் சேமிக்கக்கூடிய வகையல்ல இது. பாவ்பாவ் விதை காய்ந்தால் உள்ளிருக்கும் கரு இறந்துவிடும். அமெரிக்காவில் இதை வளர்ப்பவர்கள் பழத்திலிருந்து எடுத்த விதையைச் சதைப்பற்று இல்லாமல் கழுவி, ஈரமான பாசியில் பொதிந்து, குளிர்பதனப் பெட்டியில் இரண்டிலிருந்து நான்கு டிகிரி வெப்பத்தில் 70 முதல் 100 நாட்கள் வைத்திருந்த பிறகே ஊன்றுகிறார்கள். அந்தக் குளிரை அனுபவிக்காத விதை உறக்கம் கலைந்து எழுவதில்லை. எழுந்த பிறகும் முதலில் ஆணிவேரைத்தான் கீழே இறக்கும். மண்ணுக்கு மேல் தளிர் தெரிய இரண்டு மாதமோ அதற்கு மேலுமோ ஆகும் என்பதால், பொறுமை இழந்து தோண்டிப் பார்ப்பவர்கள் வேரை முறித்துவிடுகிறார்கள்.

நல்ல விதை கிடைத்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. அசிமினா டிரைலோபா என்ற தாவரவியல் பெயர் கொண்ட இம்மரம் நம் சீத்தாப்பழத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் ஏறக்குறைய எல்லாமே வெப்ப மண்டலத்து மரங்களாக இருக்க, அசிமினா இனம் மட்டும் பனி பெய்யும் நாட்டுக்குக் குடியேறிவிட்டது. கிழக்கு அமெரிக்காவிலும் கனடாவின் தென் ஒண்டாரியோவிலும் ஆற்றோரக் காடுகளில் தானாக வளர்கிறது. குளிர்காலத்தில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு மைனஸ் 25 டிகிரி வரை தாங்கி நிற்கிறது. தாங்குவது மட்டுமல்ல, அந்தக் குளிர் அதற்குக் கட்டாயத் தேவை. சுமார் ஏழு டிகிரிக்குக் கீழான குளிர் ஏறத்தாழ 400 மணி நேரமாவது கிடைத்தால்தான் மொட்டுகள் ஒழுங்காக விழிக்கும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் நமக்கு மார்கழி இரவுகள் குளிராகத் தோன்றலாம். ஆனால் இந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1884 ஜனவரியில் பதிவான 7.8 டிகிரிதான். அந்த ஓரிரவின் குளிர்கூட இம்மரத்தின் கணக்கில் சேராது. ஆகவே கன்று சில காலம் இலை விட்டு உயிரோடு இருந்தாலும், அது பூத்துக் காய்க்கும் என்று ராமமூர்த்தி நகரில் காத்திருப்பதில் பயனில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு விதையை இறக்குமதி அனுமதியும் பயிர் நலச் சான்றிதழும் இல்லாமல் பெட்டியில் வைத்துக் கொண்டு வருவது 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைக்கு முரணானது. ஒரு பிடி விதையில் என்ன வந்துவிடப் போகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஓர் அயல்நாட்டுப் பூச்சி நம் பப்பாளித் தோட்டங்களை என்ன செய்தது என்பதைக் கடைசிப் பதிலில் காண்க.

கேள்வி: என் மகன் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் வீடு வாங்கியிருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் தம் பாவ்பாவ் மரத்தடியில் முளைத்த இரண்டு கன்றுகளைப் பெயர்த்துக் கொடுத்தாராம். இரண்டும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, மூன்று வசந்தங்களாகப் பூத்துக் குலுங்குகின்றன. ஆனால் ஒரு பிஞ்சுகூடப் பிடிக்கவில்லை. உரம் போதவில்லையா? மருமகள் மரங்களை வெட்டிவிடலாம் என்கிறாள்.
— வாசகி, மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: வெட்ட வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லுங்கள். உரத்திலும் குறையில்லை. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பூக்கும் மரம் நல்ல நிலையில்தான் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் ‘மரத்தடியில் முளைத்த கன்றுகள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அங்கேயே இருக்கிறது. பாவ்பாவ் தன் வேரிலிருந்து பக்கக் கன்றுகளை விட்டுக்கொண்டே போகும். காட்டில் தோப்பாகத் தெரியும் ஒரு கூட்டம், பல சமயங்களில் ஒரே மரம் வேர் வழியாகப் பரவியதாக இருக்கும். உங்கள் மகனின் இரண்டு மரங்களும் அப்படிப் பிறந்தவையானால், மரபணு அளவில் அவை இரண்டல்ல, ஒன்றுதான். பக்கத்து வீட்டுத் தாய் மரமும் அதே ஒன்றுதான். இம்மரமோ பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஆகவே வேற்று வித்தைச் சேர்ந்த இன்னொரு மரம் அருகில் இல்லாதவரை, மூன்று மரமும் முப்பது ஆண்டு பூத்தாலும் பிஞ்சு அரிதாகத்தான் பிடிக்கும்.

செய்ய வேண்டியது எளிது. பெயர் தெரிந்த இரகத்தின் ஒட்டுக்கன்றுகளை, ஒன்றுக்கொன்று வேறான இரகங்களாக, இரண்டு வாங்கி நடச் சொல்லுங்கள். உங்கள் மகன் இருக்கும் ஊர் இதற்கு வாய்ப்பானது. லெக்சிங்டனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஃபிராங்க்ஃபர்ட் நகரில் உள்ள கென்டக்கி மாநிலப் பல்கலைக்கழகம் 1990 முதல் இம்மரத்தை ஆராய்ந்து வருகிறது. அமெரிக்க வேளாண் துறையின் பாவ்பாவ் மரபு வளக் காப்பகமும் 1994 முதல் அங்கேயே இயங்குகிறது. அட்வுட், பென்சன், சாப்பல் என்ற இரகங்கள் முறையே 2009, 2016, 2018ஆம் ஆண்டுகளில் அங்கிருந்து வெளிவந்தவை. இவற்றைத் தவிர ஷெனன்டோவா, சஸ்குவஹானா முதலிய ஆற்றுப் பெயர்கள் கொண்ட இரகங்களும் நாற்றங்கால்களில் பரவலாகக் கிடைக்கின்றன. விதையில் வளர்ந்த மரம் காய்க்க ஐந்திலிருந்து எட்டு ஆண்டுகள் ஆகும்போது, ஒட்டுக்கன்று மூன்று நான்கு ஆண்டுகளில் காய்த்துவிடும்.

அதுவரை காத்திருக்க மனமில்லையென்றால், வேறொரு பேட்டையில் மரம் வைத்திருப்பவரிடமிருந்து மகரந்தம் வாங்கிக் கையால் தடவலாம். இதற்குப் பூவைச் சற்று நெருங்கிப் பார்க்கத் தெரிய வேண்டும். இலை வருவதற்கு முன்பே, முந்திய ஆண்டின் குச்சியில், கருஞ்சிவப்பு நிறப் பூக்கள் தலைகீழாகத் தொங்கும். வெளியே மூன்று, உள்ளே மூன்று என்று ஆறு இதழ்கள். ஒரு பூவை மெல்லத் தூக்கி உள்ளே நோக்கினால், நடுவில் சிறு உருண்டை ஒன்று தெரியும். அவ்வுருண்டை பச்சையாகவும் கெட்டியாகவும் இருந்து, அதன் உச்சியில் சூல்முடிகள் ஈரப் பளபளப்போடு நீட்டிக்கொண்டிருந்தால் பூ பெண் நிலையில் இருக்கிறது என்று பொருள். சில நாட்களில் அதே உருண்டை பழுப்பேறித் தளர்ந்து, தொட்டால் மஞ்சள் பொடி உதிர்க்கும். அதுவே ஆண் நிலை. ஆண் நிலையில் உள்ள பூவின் பொடியைச் சிறு கிண்ணத்தில் தட்டி எடுத்து, மெல்லிய ஓவியத் தூரிகையால் வேற்று மரத்தின் பெண் நிலைப் பூக்களில் தடவினால் வேலை முடிந்தது. ஒரே பூவுக்குள் பல சூலகங்கள் இருப்பதால், ஒரு பூவிலிருந்து ஒரு சீப்பு வாழைக்காய் போலக் கொத்தாகக் காய்கள் வரும். இளம் மரத்தில் எல்லாவற்றையும் விட்டுவைத்தால் கிளை முறியும். பிஞ்சிலேயே சிலவற்றைக் கிள்ளிவிடுவது நல்லது.

தேனீ செய்யாதா என்று கேட்கலாம். தேனீக்கு இப்பூவில் நாட்டமில்லை. புளித்த மாவின் வாடை வீசும் இப்பூவைத் தேடி வருபவை ஈக்களும் வண்டுகளும்தான். அவற்றை வரவழைக்க அழுகிய இறைச்சியை மரத்தில் கட்டித் தொங்கவிடும் வழக்கம் அமெரிக்க வளர்ப்பாளர்கள் சிலரிடம் உண்டு. மல்லேஸ்வரத்து மாமியார் போய்த் தங்கும் வீட்டில் அந்த உத்தி எடுபடாது என்பதால் தூரிகையே மேல்.

நடவு பற்றி ஒரு வார்த்தை. ஆணிவேர் அறுபட்டால் கன்று பிழைப்பது கடினம் என்பதால் தொட்டியில் வளர்ந்த கன்றை வசந்தத்தில் நட வேண்டும். முதல் ஓரிரு ஆண்டுகள் கடும் வெயில் படாமல் நிழல் தர வேண்டும். பிறகு நிழலை அகற்றிவிட வேண்டும், ஏனெனில் முழு வெயிலில் நிற்கும் மரமே நிறையக் காய்க்கும். மண் சற்றே அமிலத் தன்மையோடு, நீர் தேங்காமல் இருந்தால் போதும்.

கேள்வி: இவ்வளவு சுவையான பழம் என்றால், ஆப்பிள், கிவி போல ஏன் கடைகளுக்கு வரவில்லை?
— வாசகர், ஜாலஹள்ளி, பெங்களூரு

பதில்: பழுத்த பிறகு அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் நிற்பதில்லை. தொட்ட இடமெல்லாம் கறுத்துவிடுகிறது. காயாகப் பறித்து வழியில் பழுக்க வைக்கலாமென்றால், முற்றாமல் கெட்டியாகப் பறித்த காய் பழுப்பதே இல்லை. குளிர்பதனத்தில் வைத்தாலும் சுமார் மூன்று வாரம்தான். 1916ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மரபியல் சங்கம் மிகச் சிறந்த பாவ்பாவ் பழத்துக்குப் பரிசு அறிவித்துப் போட்டி நடத்திப் பார்த்தது. ஒஹாயோ மாநிலம் 2009இல் இதைத் தன் மண்ணின் பழமாகவே அறிவித்தது. இருந்தும் இன்றுவரை இது உழவர் சந்தைப் பழமாகவே இருக்கிறது. ஆகஸ்ட் இறுதி முதல் அக்டோபர் வரை அங்கே இருப்பவர்களுக்குத்தான் வாய்ப்பு. தோல் பச்சையாகவே இருக்கும், நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். விரலால் மெல்ல அழுத்தினால் குழைய வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: என் மாமனாருக்கு நடுக்குவாதம் உண்டு. கோடையில் நாத்தனார் வீட்டுக்கு மேரிலாந்து போகிறார். அங்கே தோட்டத்தில் பாவ்பாவ் இருக்கிறது. இதைச் சாப்பிட்டால் நரம்புக்கு ஆகாது என்று யாரோ சொன்னார்களாம். உண்மையா?
— வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: முற்றிலும் ஆதாரமற்ற பேச்சு என்று தள்ளிவிட முடியாது. பாவ்பாவிலும் முள்ளுச்சீத்தாவிலும் அனோனாசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ஆய்வகத்தில் இது நரம்பு உயிரணுக்களைப் பாதிப்பதைக் கண்டிருக்கிறார்கள். கரீபியன் பகுதியின் குவாடலூப் தீவில் நடுக்குவாதத்தை ஒத்த ஒரு நோய் வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருந்ததையும், அங்குள்ளோர் முள்ளுச்சீத்தாப் பழத்தையும் அதன் இலைக் கஷாயத்தையும் நெடுங்காலமாக உட்கொண்டு வந்ததையும் தொடர்புபடுத்தி 1999இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அதுதான் காரணம் என்று உறுதியாக நிறுவப்படவில்லை. பருவத்தில் சில பழம் உண்பதும் ஆண்டு முழுவதும் கஷாயம் குடிப்பதும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆனாலும் ஏற்கெனவே நடுக்குவாதம் உள்ளவர் இப்பழத்தைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. சுவைத்தே ஆக வேண்டுமென்றால் அவருடைய நரம்பியல் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யட்டும்.

மற்றவர்களுக்கும் சில எச்சரிக்கைகள் உண்டு. தோலையும் விதையையும் உண்ணக் கூடாது. முதன்முறை உண்பவர்கள் இரண்டு மூன்று கரண்டியோடு நிறுத்திக்கொண்டு உடம்பு ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் சிலருக்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வருகின்றன. உலர்த்திய பாவ்பாவ் பலரை வாந்தியில் கொண்டு விட்டிருக்கிறது என்பதால் வற்றல் போடும் ஆசை வேண்டாம். மீந்த சதையை உறைய வைத்துப் பாலோடு அடித்துக் குடிப்பதே அங்குள்ளோர் வழக்கம். இந்த நச்சுத்தன்மை நம் சீத்தா விதையிலும் உண்டு. பேனுக்காகச் சீத்தா விதையை அரைத்துத் தலையில் பூசும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அந்த அரைப்பு வழிந்து கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். குழந்தைகளுக்கு அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

கேள்வி: எங்களுடையது 30க்கு 40 மனை. வீடு போக, பக்கவாட்டில் ஒரு மரத்துக்குத்தான் இடம். பாவ்பாவ் இங்கே வராது என்றால் அதே சுவையில் என்ன வைக்கலாம்?
— வாசகர், லிங்கராஜபுரம், பெங்களூரு

பதில்: அதன் உறவுக்காரரையே வையுங்கள். பெங்களூரின் புறநகரான ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘அர்கா சகன்’ என்ற சீத்தா இரகம் உங்கள் மனைக்குப் பொருத்தமானது. சீத்தாவும் அதன் உறவினமான செரிமோயாவும் கலந்து பிறந்த அட்டிமோயா இனத்தின் ‘ஐலண்ட் ஜெம்’ இரகத்தோடு, ‘மம்மோத்’ என்ற சீத்தா இரகத்தைக் கலந்து பெற்றது இது. பழம் பெரிது, விதை குறைவு, இனிப்பு மிக அதிகம். சொல்லப்போனால் சிலருக்கு இந்த இனிப்பு திகட்டும். சாதாரணச் சீத்தாவின் லேசான மணற்பதம் பிடித்தவர்கள் நாட்டு இரகத்தையே நாடலாம்.

ஆனால் அர்கா சகன் வைத்தவர்கள் சொல்லும் குறையும் மல்லேஸ்வரத்து வாசகி சொன்னதுதான். பூ நிறைய, பிஞ்சு சில. சீத்தாக் குடும்பம் முழுவதிலும் பூ முதலில் பெண்ணாக விரிந்து பிறகு ஆணாக மாறுகிறது. இடையில் மகரந்தத்தைக் கொண்டு செல்லும் கடுகளவு வண்டுகள் நகரத்துக் கான்கிரீட்டுக்கு நடுவே போதிய அளவில் இருப்பதில்லை. ஆகவே மாலையில், இதழ் அகலத் திறந்து பொடி கொட்டும் நாட்டுச் சீத்தாப் பூக்களை, லாரி ஓடும் சாலையோர மரத்திலிருந்தாவது பறித்து வந்து காகிதத்தில் பரப்பி வையுங்கள். மறுநாள் அதிகாலையில், வெயில் ஏறுவதற்கு முன், உங்கள் மரத்தில் இதழ்கள் சற்றே பிளந்து நிற்கும் பூக்களுக்குள் அந்தப் பொடியைத் தூரிகையால் தடவுங்கள். மாலை தாமதமானாலும் மகரந்தம் கிடைக்கும், காலை தாமதமானால் சூல்முடி உலர்ந்துவிடும் என்பதால் காலை வேளையில்தான் கண்டிப்பு தேவை. ஜனவரி, பிப்ரவரியில் இலை உதிர்ந்து நிற்கும்போது அளவாகக் கவாத்து செய்தால், கோடை மழைக்குப் பின் வரும் புதுத் தளிர்களோடு பூவும் கைக்கெட்டும் உயரத்தில் வரும்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் உள்ள என் தம்பி பாவ்பாவ் என்பது பப்பாளிதான் என்று சாதிக்கிறான். அது போகட்டும். ஓசூரில் அக்கா வீட்டு நாட்டுப் பப்பாளியின் விதையைப் போட்டு மூன்று மரங்கள் வந்தன. மூன்றிலும் நீளக் காம்பில் சரம் சரமாகப் பூக்கிறது, காய் இல்லை. ஆணி அடித்தால் காய்க்கும் என்கிறார்கள், அடிக்கலாமா?
— வாசகர், கே.ஆர்.புரம், பெங்களூரு

பதில்: தம்பி சொல்வது அந்நாட்டு வழக்கு. மரம் வேறு, குடும்பமும் வேறு. ஆணி அடிக்க வேண்டாம். சரமாகத் தொங்கும் பூ ஆண் மரத்தின் அடையாளம். ஆணியால் ஆண் மரம் பெண்ணாவதில்லை. தட்பவெப்பம் மாறும்போது ஆண் மரம் தானாகவே சில இருபால் பூக்களை விட்டு, நீளக் காம்பின் நுனியில் ஓரிரு காய் காய்ப்பதுண்டு. அந்தப் பெருமையை ஆணி தட்டிக்கொண்டு போகிறது.

ஆணும் பெண்ணும் தனித்தனி மரமாக உள்ள நாட்டு இரகங்களில் விதை போட்டால் ஏறத்தாழப் பாதி ஆணாகவே வரும். மூன்றும் ஆணாக அமைவதற்கு எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு, அது உங்களுக்கு வாய்த்துவிட்டது. அதனால்தான் ஒரு குழிக்கு மூன்று நான்கு நாற்று நட்டு, நான்கைந்து மாதத்தில் பூ வந்தபின் தண்டோடு ஒட்டிப் பருத்த பூ விடும் பெண் மரத்தை மட்டும் விட்டு, மற்றவற்றைக் களைவது வழக்கம். தோட்டமானால் இருபது பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதும். வீட்டில் அந்த வம்பே வேண்டாமென்றால் இருபால் பூ உள்ள இரகத்தை வாங்குங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 3, கோ 7, ஹெசரகட்டாவின் சூர்யா, அர்கா பிரபாத் ஆகியவை அத்தகையவை. இவற்றில் இருபால் பூ விடும் ஒற்றை மரமே தனித்துக் காய்க்கும். மேட்டுப் பாத்தியில் நடுங்கள், ஏனெனில் பப்பாளியின் வேர் இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலே அழுகிவிடும். இலையில் மஞ்சள் தேமலும் காயில் வளைய வளையமாகத் தழும்பும் தெரிந்தால் அது அசுவினிகள் பரப்பும் நச்சுயிரி நோய். மருந்து கிடையாது, மரத்தைப் பிடுங்கி அழிப்பதே அடுத்த வீட்டு மரத்துக்குச் செய்யும் நன்மை.

வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி அப்பினால் மட்டும் அவசரப்பட்டு நஞ்சைத் தெளிக்காதீர்கள். மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த அந்தப் பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்டு, பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி என எல்லாவற்றையும் சூறையாடியது. 2010இல் பெங்களூரில் உள்ள தேசியப் பூச்சி ஆய்வு மையம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை முறைப்படி தருவித்து, பெருக்கி, தோட்டங்களில் விட்ட பிறகே அது அடங்கிற்று. அவற்றில் அசெரோஃபேகஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத அளவுச் சிறு குளவி இன்றும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நஞ்சு தெளித்தால் முதலில் சாவது அதுதான். குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சி இலையின் அடிப்புறத்தைக் கழுவிவிட்டு, மிக மோசமான இலைகளை மட்டும் அறுத்து எரித்துவிட்டு, இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள்.